வீட்டிலேயே பாட்டுப் பதிவு: போன், யூஎஸ்பி மைக், ரெக்கார்டர், இன்டர்ஃபேஸ் – எது யாருக்கு?

"மைக் ஒன்று வாங்கணும், எது நல்லது?" வீட்டில் பதிவு செய்ய நினைக்கிற பாடகரும் வாத்தியக்காரரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: ஒரே நேரத்தில் எத்தனை ஒலி உள்ளே போக வேண்டும்? அவற்றைப் பின்னால் தனித்தனியாகத் திருத்த வேண்டுமா?

மைனஸ் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) போட்டுப் பாடி யூடியூபில் ஏற்றுகிறவருக்கு ஒரு ஒலி போதும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு இரண்டு வேண்டும். மிருதங்கம் தனியாகவே இரண்டு கேட்கும், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. வீணை டீச்சர் மாணவிகளுக்குப் பாடம் பதிந்து அனுப்புகிறார் என்றால் அவருக்குத் தனித்தனி டிராக்கே (ஒவ்வொரு ஒலிக்கும் தனிப் பதிவு) தேவைப்படாது. எந்தக் கருவி வாங்குவது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. பட்ஜெட்கூட இதற்கு அப்புறம்தான்.

போனில் எவ்வளவு தூரம் போகலாம்

இப்போதைய போன்களில் மைக் மோசமில்லை. அதன் பின்னால் ஓடுகிற மென்பொருள்தான் பாட்டைக் கெடுக்கிறது. வருகிற ஒலியெல்லாம் பேச்சு என்று அது எடுத்துக்கொள்கிறது. மெல்லப் பேசினால் ஏற்றும், உரக்கப் பேசினால் இறக்கும், விடாமல் கேட்கிற ஒலியை இரைச்சல் என்று அமுக்கப் பார்க்கும். தம்புரா போட்டுக்கொண்டு மந்தர பஞ்சமத்தில் மெதுவாகத் தொடங்கி மேல் ஷட்ஜம் வரை ஏறிப் பாடிவிட்டு, பதிவைக் கேட்டுப் பாருங்கள். கீழே பாடும்போது தம்புரா முன்னால் வந்து நிற்கும். மேலே போனதும் அது சட்டென்று பின்வாங்கும். நீங்கள் பாட்டில் வைத்த ஏற்ற இறக்கம் பாதி தட்டையாகியிருக்கும்.

இதற்கு வழி உண்டு. ஆண்ட்ராய்டு 7 முதல், இந்தத் திருத்தம் எதுவும் இல்லாத ஒலியை ஆப்கள் கேட்டுப் பெறலாம். போன் தயாரிப்பாளரும் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். கெயினை, அதாவது ஒலியை எவ்வளவு உயர்த்துவது என்பதை, கையால் வைக்க விடுகிற ரெக்கார்டர் ஆப் ஒன்றைப் போட்டு, தானாக ஏற்றி இறக்குவதை நிறுத்திவிட்டாலே வித்தியாசம் தெரியும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட் இலவசம். டிராக் மேல் டிராக்காகப் பாடிச் சேர்க்கலாம். ஐபோன் 15 முதல் யூஎஸ்பி-சி வந்துவிட்டதால் மைக்கைப் போனோடும் கம்ப்யூட்டரோடும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸையும் நேராகவே சொருகலாம்.

மெட்டு தோன்றிய உடனே பிடித்துவைக்கப் போனை விட்டால் வேறு கருவி இல்லை. வெளியிடுகிற பாட்டுக்கு அது போதாது.

யூஎஸ்பி மைக்: எனக்கு ஒப்பவில்லை

கடையில் அதிகம் தள்ளிவிடப்படுவது இதுதான். சொருகினால் வேலை செய்யும், விலையும் தனி மைக், தனி இன்டர்ஃபேஸ் என்று வாங்குவதைவிடக் குறைவு. பேச்சுக்கு, ஆன்லைன் வகுப்புக்கு, பாட்காஸ்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பாட்டு என்று வந்தால் சிக்கல் இரண்டாவது மாதத்தில் தொடங்கும். கூடப் பாட ஒருவர் வருகிறார், அல்லது கிட்டாரையும் சேர்க்க ஆசை வருகிறது. இன்னொரு யூஎஸ்பி மைக் வாங்கிச் சொருகினால் ஆயிற்று என்று தோன்றும். விண்டோஸில் இசை மென்பொருள்கள் பயன்படுத்தும் ஏசியோ டிரைவர் (கருவியையும் மென்பொருளையும் இணைக்கும் நிரல்) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். மேக்கில் இரண்டையும் ஒன்றாகக் கட்டலாம். ஆனால் ஒவ்வொரு மைக்கும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவதால், அதைச் சரிக்கட்டாவிட்டால் நீண்ட பதிவில் இரண்டும் மெல்ல மெல்ல விலகும். மைக் நன்றாக இல்லையென்று மாற்ற நினைத்தால் உள்ளே இருக்கும் இன்டர்ஃபேஸையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ஷூர் எம்வி7 மாதிரி யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (இன்டர்ஃபேஸுக்குப் போகும் மைக் கேபிளுக்கானது) இரண்டு துளையும் உள்ள மைக் விதிவிலக்கு. இன்று லேப்டாப்பில் சொருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதில் சொருகலாம்.

கையடக்க ரெக்கார்டர்: பலர் மறந்துவிடுகிற தேர்வு

கம்ப்யூட்டர் இல்லாமல் வீட்டில் பல டிராக் பதிவு செய்வது புதிதல்ல. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டிலேயே 4 டிராக் பதியலாம். 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி வீட்டில் இந்தப் பெட்டியையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கையும் வைத்துக்கொண்டு மாதிரிப் பதிவுகள் செய்தார். பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தும் அந்த உணர்வு வரவில்லை என்று, கேசட் பதிவையே ஆல்பமாக வெளியிட்டார். டாஸ்காமின் டிபி வரிசை, ஜூமின் ஆர் வரிசை என்று அந்தப் பெட்டியின் வாரிசுகள் இன்றும் கிடைக்கின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது உள்ளங்கையில் அடங்கும் ஸ்டீரியோ ரெக்கார்டர். ஜூம் எச்1, டாஸ்காம் டிஆர்-05 போன்றவை. புல்லாங்குழல், வீணை, வயலின் என்று தனி வாத்தியம் வாசிக்கிறவர், அல்லது வீட்டுக் கூடத்தில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூவரும் உட்கார்ந்து வாசிப்பதை அப்படியே பிடிக்க நினைக்கிறவர், இன்டர்ஃபேஸ் பக்கமே போக வேண்டியதில்லை. லேப்டாப் விசிறிச் சத்தம் இல்லை, டிரைவர் தகராறு இல்லை, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். யார் எங்கே உட்காருவது, ரெக்கார்டர் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தே மிக்ஸிங்கை (ஒலிகளின் அளவைச் சமன் செய்வதை) முடித்துவிடலாம். மிருதங்கம் ஓங்கிக் கேட்டால் வாசிக்கிறவரை இரண்டடி பின்னால் நகர்த்துங்கள்.

அண்மையில் வந்த மாடல்கள் சிலவற்றில் 32 பிட் ஃப்ளோட் பதிவு உண்டு. ஜூமின் எசென்ஷியல் வரிசை அப்படிப்பட்டது. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே பிடிக்கக்கூடிய அகலம் சுமார் 96 டெசிபெல், 24 பிட்டில் 144. 32 பிட் ஃப்ளோட்டில் அது 1500-ஐத் தாண்டுகிறது. அதாவது கெயின் வைக்கிற வேலையே இல்லை. தவில் எதிர்பாராமல் ஓங்கி விழுந்தாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தமென்றால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. நாகஸ்வரத்தைச் சிறு அறைக்குள் இழுத்து வராதீர்கள். அது திறந்த வெளிக்கான வாத்தியம். மொட்டைமாடியில் விடிகாலையில் பதிவு செய்தால் அறையில் வராத அழகு வரும்.

இந்த ரெக்கார்டரின் குறை ஒன்றுதான். மூவரையும் சேர்த்துப் பதிந்தபின் மிருதங்கத்தை மட்டும் குறைக்க முடியாது, ஒருவர் தப்பினால் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். கச்சேரிப் பழக்கமுள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. துண்டு துண்டாகப் பாடி ஒட்டுகிறவர்களுக்கு ஒத்துவராது.

இன்டர்ஃபேஸ், மைக், லேப்டாப்

துண்டு துண்டாகப் பாடி, மேலே கோரஸ் சேர்த்து, கீபோர்டு போட்டு, பிறகு ஒவ்வொன்றையும் திருத்த வேண்டுமென்றால் வழி இதுதான். மைக்கின் மெல்லிய மின்சாரத்தை உயர்த்தி எண்களாக்கி யூஎஸ்பி வழியே அனுப்புகிற பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெரிங்கர் யூஎம்சி, ஆடியன்ட் ஐடி, மோட்டு எம்2 எல்லாமே ஒலித் தரத்தில் வீட்டுக்குப் போதுமானவை. எது சிறந்தது என்று மாதக்கணக்கில் வீடியோ பார்ப்பது வீண். பார்க்க வேண்டியது துளைகளை.

ஸ்கார்லெட் வரிசையிலேயே சோலோ, 2ஐ2 என்று இரண்டு இருக்கின்றன. பெட்டியைப் பார்த்தால் சோலோவிலும் இரண்டு நுழைவாய்கள் தெரியும். அதில் ஒன்றுதான் மைக்குக்கு, மற்றது கிட்டார் அல்லது கீபோர்டு கேபிளுக்கு. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைக்க நினைத்தவர் சோலோவோடு வீட்டுக்கு வந்தால் திரும்பக் கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு மைக் நுழைவு உள்ளதையே வாங்குங்கள். விலை வித்தியாசம் அதிகமில்லை. பெரிங்கர் யூஎம்சி202எச்டியிலும் இரண்டு மைக் நுழைவு உண்டு.

அடுத்தது கெயின். யூடியூப் பாட்காஸ்டர்கள் வாயருகே வைத்திருக்கும் கறுப்புக் குழாய் மாதிரியான ஷூர் எஸ்எம்7பி-க்கு இப்போது ஊரெல்லாம் மவுசு. நல்ல மைக்தான். ஆனால் அது தருகிற மின்சாரம் மிக மெல்லியது, சுமார் 60 டெசிபெல் கெயின் கேட்கும். ஸ்கார்லெட்டின் 3ஆம் தலைமுறை 56 டெசிபெல் வரைதான் தரும். 2023-ல் வந்த 4ஆம் தலைமுறை 2ஐ2 69 வரை போகிறது. பழைய பெட்டியோடு இந்த மைக்கை வாங்கி, முழுக்கத் திருகியும் குரல் ஏறாமல், நடுவில் பூஸ்டர் ஒன்று வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். அதன் விலையில் வேறு நல்ல மைக்கே வாங்கியிருக்கலாம்.

லேட்டன்சி, அதாவது ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பும் தாமதம் பற்றி வீணான பயம் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டை) 128 சாம்பிள் என்று வைத்தால் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட், 512 வைத்தால் 12-க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இதில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் மிருதங்கக்காரர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அந்தத் தாமதத்தோடுதான் காலங்காலமாகப் பாடி வருகிறோம். அதற்கு மேல் போய்த் தன் குரலே பின்னால் எதிரொலிக்கும் நிலை வந்தால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும். புளூடூத் ஹெட்போனை மட்டும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அதன் தாமதத்தை எந்த செட்டிங்கும் சரி செய்யாது. காதை முழுக்க மூடுகிற வயர் ஹெட்போன் வேண்டும். பக்கம் திறந்த ஹெட்போனில் மைனஸ் டிராக் ஒழுகி மைக்குக்குள் போய்விடும்.

நம் ஊருக்கென்று இன்னொரு தொல்லை இருக்கிறது. பதிவில் "ம்ம்ம்" என்று கீழ் ஸ்தாயியில் ஒரு முனகல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் எர்த் சம்பந்தமான கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கும் வேலை வேண்டாம், ஷாக் அடிக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவே வேண்டாம்.

கண்டென்சரா, டைனமிக்கா

மைக்கில் இரண்டு வகை: மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் நுட்பமான கண்டென்சர், அது தேவைப்படாத கெட்டியான டைனமிக். "கண்டென்சர் தெருச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்பார்கள். இது பாதி உண்மை. இரண்டும் ஒரே திசைப் பாங்கில் (எந்தப் பக்கத்து ஒலியைப் பிடிக்கிறது என்பதில்), ஒரே தூரத்தில், ஒரே அளவுக்குக் குரல் ஏற்றிப் பதிந்தால் அறைச் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் வரும். நிஜ வித்தியாசம் நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும்.

ஆகவே, மொசைக் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர் என்று இருக்கிற அறையில் குரலுக்கு டைனமிக் மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பாடுவது என் தேர்வு. எஸ்எம்58 வந்தது 1966-ல். மேடையில் கீழே விழுந்து எழுந்து வேலை செய்கிற மைக் அது, போலிகள் ஏராளம் என்பதால் நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள். வீணையும் புல்லாங்குழலும் வேறு கதை. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் விரல் நகத் தேய்ப்பும் மூச்சும்தான் முன்னால் நிற்கும். ஓரடி தள்ளி கண்டென்சர் வைத்தால்தான் குடத்தின் நாதமும் தந்தியும் கலந்து வரும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 தொடங்குவதற்குப் போதும். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) தேவை, இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தான் இருக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் கண்டென்சர் சிலசமயம் பொரிகிற மாதிரி சத்தம் போடும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அறைக்குத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். ஆன்லைனில் விற்கிற ஒரு அங்குல முட்டைத்தட்டு ஃபோம், ஒலியின் மேல்பகுதியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ்ப்பகுதியின் குமுறலை அப்படியே விட்டுவிடும். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஆகும். தடிமன்தான் வேலை செய்கிறது. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். மைக் பார்ப்பது அந்தத் திசையைத்தான். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே பாடலாம். மின்விசிறியை நிறுத்தாமல் எந்த மைக்கும் பயன்படாது, வியர்க்கத்தான் செய்யும்.

மென்பொருள்

ஆடாசிட்டி இலவசம், 2000-லிருந்து இருக்கிறது. ஒரு குரலைப் பதிந்து வெட்டிச் சுத்தம் செய்ய இதைவிட எளிது இல்லை. எஃபெக்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே மாற்றும் வசதி 2022-ல் வந்த 3.2 பதிப்பில்தான் சேர்ந்தது. கீபோர்டை இணைத்து மிடி இசை (ஒலிக்குப் பதிலாக எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற குறிப்பு) பதிய அது ஏற்றதல்ல. மேக் வைத்திருப்பவர் கேரேஜ்பேண்டைத் தாண்டி உடனே யோசிக்க வேண்டியதில்லை, பிறகு லாஜிக் புரோவுக்குப் போனால் பழைய பாட்டுகளை அதிலேயே திறக்கலாம்.

விண்டோஸ்காரர்களுக்கு நான் சொல்வது ரீப்பர். வினாம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் எழுதியவர். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் சிணுங்காமல் ஓடும். குறை என்னவென்றால் உள்ளே தயாராக வாத்திய ஒலிகள் எதுவும் வராது, திரைத் தோற்றமும் வறண்டது. எஃப்எல் ஸ்டூடியோ பீட் கட்டுகிறவர்களின் செல்லம். ஒருமுறை வாங்கினால் அப்டேட்டுக்கு மறுபடி பணம் கிடையாது. ஆனால் அதன் மலிவான ஃபுரூட்டி பதிப்பில் குரல் பதிய முடியாது. அதற்கு அடுத்த புரொடியூசர் பதிப்பு வேண்டும். பாடகர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். இன்டர்ஃபேஸோடு சும்மா வருகிற ஏபிள்டன் லைவ் லைட்டில் டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, தொடக்கத்துக்கு அதுவே போதும்.

கர்நாடக இசைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மெட்ரோனோமில் மிஸ்ர சாபுவுக்கு 3, 4 என்று அழுத்தம் வைக்க முடியுமா? ரீப்பரில் எந்த அடி ஓங்க வேண்டும் என்று நாமே குறிக்கலாம். ஆலாபனைக்குக் கிளிக்கை மூடிவிடுங்கள். சுருதியைத் திருத்தும் பிளக்இன்களிடம் (மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்கள்) எச்சரிக்கை வேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. வேகத்தை அதிகமாக வைத்த பிளக்இன் அந்த அசைவைத் தப்பு என்று எண்ணிப் படிப்படியாக வெட்டிவிடும், ராகமே போய்விடும். நீட்டி நிற்கிற ஸ்வரத்தில் மட்டும், கையால், கொஞ்சமாகத் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தம்புரா ஆப் ஒலியை அறையில் ஸ்பீக்கரில் விடாமல் ஹெட்போனில் மட்டும் கேளுங்கள், அதைத் தனி டிராக்காகப் பிறகு சேர்க்கலாம். பின்னால் கீபோர்டு சேர்க்கும் எண்ணமிருந்தால், உங்கள் கட்டையை ஆப்பில் காது சொன்னபடி நகர்த்தாமல் 440 ஹெர்ட்ஸ் கணக்கிலேயே சரியாக வையுங்கள்.

பாதி வீடு, பாதி ஸ்டூடியோ

வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் வெளியிடுவீர்கள் என்றால் இத்தனையும் வாங்குவதைவிட மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை மலிவு. மாதத்துக்கு நாலு பாட்டு என்றால் கணக்கு மாறும். நடுவழியும் இருக்கிறது. கீபோர்டு, தாளம், தம்புரா, கோரஸ் எல்லாம் வீட்டில் பொறுமையாக முடித்துவிட்டு, முக்கியக் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் மட்டும் இரண்டு மணி நேரம் ஸ்டூடியோவில் எடுக்கலாம். அங்கே புரோ டூல்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறதே, நம்மிடம் ரீப்பர்தானே என்ற கவலை வேண்டாம். புராஜெக்ட் கோப்பைக் கொண்டுபோகாமல், ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும் தனித்தனி டபிள்யூஏவி கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்துப் போங்கள், எம்பி3 வேண்டாம். மோனோ டிராக் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 12 டிராக் உள்ள 5 நிமிடப் பாட்டு 520 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்ஆப்பில் ஆடியோவாக அனுப்பாமல் பென்டிரைவில் போடுங்கள். கோப்பின் பெயரிலேயே கட்டையையும் டெம்போவையும் எழுதிவிட்டால், அங்கே மீட்டர் ஓடத் தொடங்கியபின் அதைத் தேடி நேரம் போகாது.